டெட்டால் வாசனை வீசும் விஸ்கியை எப்படி ரசிப்பது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் லஃப்ரோய்க் 10 வருட சிங்கிள் மால்ட் விஸ்கி கொடுத்தார். திறந்ததுமே டெட்டால், பஞ்சு, பிளாஸ்திரி என்று ஒரே ஆஸ்பத்திரி வாசனை. ஐஸ் போட்டுக் குடித்தால் இன்னும் கசக்கிறது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமா? இதை எப்படித்தான் ரசிக்கிறார்கள்?

பதில்: பாட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி வாசனைக்காகவே லஃப்ரோய்க்கைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய உண்டு. உங்கள் மூக்கும் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. இந்த விஸ்கியில் பீனால், கிரெசால், குவாயகால் போன்ற சேர்மங்கள் இருக்கின்றன; டெட்டாலில் உள்ள கிருமிநாசினியும் பீனால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவை பீட் புகையிலிருந்து வருகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடிகளும் பல ஆயிரம் வருடங்களாக மட்கி இறுகியதுதான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரிபொருளாக்கினார்கள். முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது அந்தப் புகை ஈரத் தானியத்தில் ஏறிக்கொள்கிறது. இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். எவ்வளவு ஏறியது என்பதை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால்) என்ற அளவில் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், அது பார்லியில் அளந்தது, விஸ்கியில் அளந்தது அல்ல. அதே ஐலாவின் லகவூலின், கல் ஈலா விஸ்கிகள் இரண்டுக்கும் அங்குள்ள போர்ட் எல்லன் ஊரின் ஒரே ஆலையிலிருந்துதான் மால்ட் போகிறது, அளவும் சுமார் 35 பிபிஎம். ஆனால் லகவூலின் கனமாக இருக்கும், கல் ஈலா எலுமிச்சை வாசத்தோடு லேசாக இருக்கும். வாலையின் (சாராயம் காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தின்) வடிவமும், வடிக்கும் வேகமும், எந்தக் கட்டத்தில் வருவதைச் சேகரிக்கிறார்கள் என்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. வடிக்கும்போது முதலில் பழ வாசனைகள் வரும், பீனால்கள் பின்னால்தான் அதிகம் வரும். லஃப்ரோய்க்கில் தொடக்கத்தில் வருவதைச் சுமார் முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் தாரும் அயோடினும் உங்களை முதலில் வந்து தாக்குகின்றன.

சரி, குடிக்கும் விதத்துக்கு வருவோம். என் கணக்கில் இதற்கு முதல் தேவை பொறுமை. வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றி, ஒரு பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்து, மேலாக முகருங்கள். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சாம்பிராணி போட்ட வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் நடப்பது போல. புகை அப்படிப் பின்வாங்கும்போதுதான் வனிலா, உப்பு, கடற்பாசி, மால்ட்டின் இனிப்பு எல்லாம் மேலே வரும். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டாவதை வாயில் கொஞ்சம் நிறுத்தி, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இந்த விஸ்கியின் பாதி சுகம் அந்த மூச்சில்தான் இருக்கிறது.

ஐஸ் வேண்டாம். குளிரில் வாசனைகள் அடங்கும், இனிப்பும் மங்கும், புகையின் கசப்புதான் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்காக ராவாகத்தான் அடிக்க வேண்டும் என்றும் இல்லை. அறைச்சூட்டில் உள்ள தண்ணீரைச் சில சொட்டுகளாக விட்டுப் பாருங்கள். 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியில் காட்டியது இதைத்தான்: ஆல்கஹால் 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கும்போது குவாயகால் மேற்பரப்பை நாடுகிறது, அதாவது மூக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் பாட்டிலில் இருப்பது ஏற்கெனவே 40, 43 சதவீதம்தான். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

மிளகு சிக்கனைத் தொட்டுக்கொண்டு இதைச் சுவைப்பதில் பயனில்லை, காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சல்தான் மிஞ்சும். உப்பிட்ட முந்திரியோ கறுப்பு சாக்லேட்டோ போதும். பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், ஃபிரிட்ஜ் தேவையில்லை. பாதிக்கு மேல் காலியானதும் வருடக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், காற்றில் புகை மெல்ல மங்கும்.

புகை விஸ்கிக்குப் புதியவருக்கு லஃப்ரோய்க் கொஞ்சம் கடினமான தொடக்கம் என்பது உண்மை. அடுத்து வாங்குவதாக இருந்தால் போமோர் 12 அல்லது ஹைலேண்ட் பார்க் 12 பாருங்கள். ஹைலேண்ட் பார்க் ஆர்க்னி தீவில் தயாராவது. அங்குள்ள பீட்டில் ஹெதர் செடி அதிகம், புகை தேன் இனிப்போடு வரும். ஒரே நாளில் பல விஸ்கிகளைச் சுவைத்தால் புகை அதிகமுள்ளதைக் கடைசிக்கு வையுங்கள், இல்லையென்றால் மற்றவை எதுவும் தெரியாது.

இரண்டு மூன்று முறை இப்படிப் பொறுமையாக முயன்றும் பிடிக்கவில்லையென்றால் உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு பங்கு விஸ்கிக்கு மூன்று பங்கு நன்கு குளிர்ந்த சோடா, ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் போட்டுக் குடியுங்கள். ஐஸ் மட்டும் போட்டபோது துருத்திய கசப்பு சோடாவில் கரைந்து, புகை லேசாகத் தெரியும்.