அமெரிக்காவுல ஒண்ணுமில்லாத சின்ன ஊர்ல கூட ‘ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்’னு போர்டு வெச்சிருக்காங்களே, அப்படி அங்க என்னதான் இருக்கு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஊரை வெச்சே சொல்றேன். இல்லினாய்ல கலீனான்னு ஒரு ஊர், சிகாகோவுல இருந்து கிட்டத்தட்ட மூணு மணி நேர டிரைவ், 2020 சென்சஸ்படி 3,308 பேர்தான். முதல் தடவை போனப்ப நானும் ஏதோ பழைய செங்கல் கடைத்தெருன்னு ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்துட்டேன். அப்புறம் நாலஞ்சு தடவை போய் அந்த ஊர் கதையைத் தேடிப் படிச்சப்பதான் மனசு அங்கயே நின்னுடுச்சு.

கலீனாங்கறது ஈயத்தாதோட பேரு. 1826ல அதையே ஊருக்கு வெச்சாங்க. 1840கள்ல அமெரிக்காவோட ஈயத்துல பெரும்பங்கு இந்த வட்டாரத்துல இருந்துதான் போச்சு, மிசிசிப்பில இருந்து ஸ்டீம்போட் கிளை ஆத்துல ஏறி ஊருக்குள்ளயே வந்து சரக்கு ஏத்திட்டுப் போகும். ஆனா ஈயம் உருக்க விறகு வேணும்ல, சுத்தி இருந்த சரிவு மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டாங்க, பிடிப்பு போன மண்ணு மழைக்கு மழை ஆத்துல இறங்கி ஆறே தூர்ந்து போச்சு. கைக்கு எட்டுற ஈயமும் தீர ஆரம்பிச்சுது, 1849ல சுரங்கத்து ஆளுங்க நிறையப் பேரு தங்கம் தேடி கலிஃபோர்னியா கிளம்பிட்டாங்க, ரயில் வந்ததும் சரக்கு போற வழியும் மாறிடுச்சு.

ஊரோட இந்த ஏத்த இறக்கத்தை ஒரே கட்டடத்துல பாக்கணும்னா மெயின் ஸ்ட்ரீட்ல டிசோட்டோ ஹவுஸ் ஓட்டல் இருக்கு. 1855ல அஞ்சு மாடியா திறந்தாங்க, 1856ல லிங்கன் அந்த பால்கனில நின்னு பேசியிருக்கார், அப்பேர்ப்பட்ட ஓட்டல்ல தங்க ஆளில்லாம 1880ல மேல் ரெண்டு மாடியைப் பிரிச்சுட்டாங்க. பழசை இடிச்சுட்டு புதுசா கட்ட யாருகிட்டயும் காசு இல்ல. அதனாலதான் தெரு முழுக்க அப்படியே நிக்குதுன்னு நான் நம்புறேன். டூரிஸ்டுங்க, பின்னாடி ஜனாதிபதியான ஜெனரல் யுலிசிஸ் கிராண்ட் வீட்டுக்குத்தான் மொதல்ல போவாங்க (அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஜெயிச்சு 1865ல திரும்பினப்ப ஊர்க்காரங்க குடுத்த வீடு), அதையும் பாருங்க, ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி அவர் அப்பாவோட தோல் கடைல வேலை பாக்க வந்தவர்ங்கறதையும் மனசுல வெச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, போர்டு இருந்தா யாரும் இடிக்க முடியாதுன்னு நினைக்காதீங்க. கலீனாவோட பழைய பகுதி 1969ல நேஷனல் ரெஜிஸ்டர்ல (வரலாற்று இடங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு வெச்சிருக்கற லிஸ்ட்) ஏறுச்சு, ஆனா அந்த லிஸ்ட் மட்டும் ஒரு தனியார் ஓனர் சொந்தக் காசுல தன் கட்டடத்தை இடிக்கறதைத் தடுக்காது, அதுக்கு உள்ளூர் சட்டமும், இடிக்கறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கற உள்ளூர் கமிஷனும் வேணும். லிஸ்ட்ல இருந்தா கிடைக்கறது வரிச்சலுகை, வாடகைக்கோ கடைக்கோ விடுற கட்டடத்தை விதிப்படி புதுப்பிச்சா செலவுல 20 சதவீதம் வரில கழியும், ஓனர் தானே குடியிருக்கற வீட்டுக்கு அது இல்ல. நான் இருக்கற ஊர்ல அப்படி உள்ளூர் சட்டம் இல்லாம ஒரு பழைய தானியக் கிடங்கை ஒரே வாரத்துல இடிச்சு பார்க்கிங் ஆக்கிட்டாங்க, இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா வயிறு எரியுது.

கலீனா போனீங்கன்னா, மெயின் ஸ்ட்ரீட் முனைல பெரிய பச்சைக் கதவு இருக்கும், வெள்ளம் வந்தா தெருவையே மூடுறதுக்கு. அதைத் தாண்டி ஆத்துமேல இருக்கற நடைபாலத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. இந்தக் கரைல இருந்து கல்லெறிஞ்சா அந்தக் கரைல விழும், அவ்வளவுதான் இப்ப அந்த ஆறு.