இருபத்தேழாவது அடி

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் புகழ்ந்து எழுதியிருந்ததை நம்பி டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை எடுத்தேன். முதல் பாகம் ஓடிவிட்டது. இரண்டாம் பாகத்தில் நாயகன் நெஹ்லூதவ் பிரபு வாயைத் திறந்தாலே நிலம், நீதி, பாவம் என்று உபதேசம்தான். மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தையும் படித்துத்தான் ஆக வேண்டுமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு நாவல் எழுதுகிறேன். 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள், இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்காக முகாம் வாசலில் போராட்டம் இருந்த காலம்தான் களம். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்குப் பேசுகிறார். ‘மேடைப் பேச்சு’ என்று நண்பன் சொல்லிவிட்டான். நடந்த அநியாயத்தை நேரடியாகச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ம., ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

எந்தப் புத்தகத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. குற்றவியல் அறிஞர்களின் நூல்களை நெஹ்லூதவ் புரட்டும் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டுங்கள். அவருக்கே அவற்றில் விடை கிடைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது? ஆனால் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தைத் தாண்டாதீர்கள். உங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. முதல் பாகம் ஓடிவிட்டது என்கிறீர்களே, அதிலும் உபதேசம் குறைவில்லை. நீதிமன்றத்தை டால்ஸ்டாய் அங்கே கிழித்துத் தொங்கவிடுகிறார். தலைமை நீதிபதிக்கு ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகும் அவசரம். இன்னொரு நீதிபதிக்கு வயிற்றுக் கோளாறு. புதிய வைத்தியம் பலிக்குமா என்று தெரிந்துகொள்ள, ஆசனம் வரைக்குமான அடிகளை எண்ணிக்கொண்டு போகிறார்; மூன்றால் வகுபட்டால் குணமாகும் என்பது அவர் கணக்கு. இருபத்தாறு அடிதான் இருக்கிறது. கடைசியில் ஒரு குட்டி அடி வைத்து இருபத்தேழாக்கிக்கொண்டு உட்காருகிறார். நெஹ்லூதவ் முன்பு கெடுத்துக் கைவிட்ட காத்யூஷா மாஸ்லவாவை, ஒருவருக்கு விஷம் கொடுத்துக் கொன்றாள் என்ற வழக்கில் இந்த ஆட்கள்தான் விசாரிக்கிறார்கள். கொல்லும் நோக்கம் இல்லை என்ற வாசகத்தைச் சேர்க்க ஜூரிகள் மறந்துபோக, அவளுக்கு நான்கு வருடக் கடூழியம். ‘நீதி செத்துவிட்டது’ என்று எவரும் பேசவில்லை. அந்தக் குட்டி அடியை வாசித்த பிறகு பேசவும் தேவையில்லை.

இனி இரண்டாம் பாகம். நிலத்தில் எவருக்கும் தனியுரிமை கூடாது என்று நம்பும் நெஹ்லூதவ், தன் நிலத்தைக் குடியானவர்களிடம் கொடுக்கப் போகிறார். முதல் ஊரில் குத்தகையைக் குறைத்துக் கொடுக்கிறார். அங்கேயும் பேரம், அங்கேயும் அதிருப்தி. அடுத்த ஊரில் தன் முழுத் திட்டத்தையும் விளக்குகிறார். ஒருவரும் நம்பவில்லை. பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். பரம்பரை பரம்பரையாக ஏமாந்தவர்களுக்கு, பிரபு ஒருவர் தன் லாபம் பார்க்காமல் வருவார் என்பது நம்பக்கூடிய செய்தியா? கடைசியில் அவர்கள் இணங்குவதும் அவருடைய தத்துவத்துக்காக அல்ல. ஐயாவுக்குத் தன் ஆத்துமாவைப் பற்றிய கவலை வந்துவிட்டது, அதுதான் கொடுக்கிறார் என்று ஒரு கிழவி விளக்கம் சொல்கிறாள். அது எல்லோருக்கும் சரியாகப் படுகிறது.

எங்கள் பக்கத்துச் சிறுபோக நெற்செய்கைக் கூட்டங்களில் இருந்திருப்பீர்கள்தானே? அதிகாரி நீர் முகாமைத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசுவார். கமக்காரர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் ஒருவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்புவார். வாய்க்காலின் கடைசி வயல்காரர் அவர். “ஐயா, போன முறையும் இப்படித்தான் சொன்னீர்கள். என் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும்?” கூட்டம் அப்போதுதான் கூட்டமாகும். அதிகாரி கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரியாகவே இருக்கலாம்.

உங்கள் ஆசிரியரின் நான்கு பக்கத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான்: போராட்டப் பந்தலில் அந்தக் கடைசி வயல்காரர் இல்லை. ஆசிரியர் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இருட்டுவதற்கு முன் மாடு கட்ட வேண்டியவர் இருப்பார். நட்டஈட்டை வாங்கிக்கொண்டு வேறிடம் போய்விடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போடுபவர் இருப்பார். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். அவரைப் பேச விடுங்கள், அதுவும் நன்றாகப் பேச விடுங்கள். ஆசிரியரால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியையாவது அவர் கேட்கட்டும். நான்கு பக்கம் அப்போது எட்டானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீளம் இங்கே குற்றமே அல்ல.

நடந்ததைச் சொல்ல வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். வன்னியிலிருந்து எழுதுகிறவர்களில் அது இல்லாதவர் யார்? டால்ஸ்டாய்க்கும் இருந்தது. ஆயுதங்களைத் தீயிட்டு, படையில் சேர மறுத்து, அரசின் கொடுமைக்கு ஆளான துகோபார்கள் என்ற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரப் பணம் வேண்டும் என்றுதான், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த இந்த நாவலை 1899இல் வெளிக்கொண்டுவந்தார். சிறைக்கோவில் வழிபாட்டைப் பற்றி இதில் எழுதியதற்கும் சேர்த்துத்தான் 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது என்பார்கள். ஆகவே அவரைச் சும்மா உபதேசி என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆனாலும் சுவிசேஷ வசனங்களோடு அவர் கதையை முடித்ததைச் செக்கோவ் ஏற்கவில்லை. இந்த நாவலுக்கு முடிவே இல்லை என்று 1900இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நான் செக்கோவ் கட்சி.

நல்லவேளையாக, டால்ஸ்டாயையும் மீறிக் காத்யூஷா இருக்கிறாள். சிறையில் வந்து மன்னிப்புக் கேட்டு, உன்னை மணந்துகொள்கிறேன் என்கிறார் நெஹ்லூதவ். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்திலும் என்னை வைத்தே தப்பிக்கப் பார்க்கிறாயா என்று சீறுகிறாள். அது நீங்கள் படித்து முடித்த முதல் பாகத்திலேயே இருக்கிறது. நெஹ்லூதவ் மீது நான் வைக்கக்கூடிய எந்த விமர்சனமும் அதைவிடக் கூர்மையாக இருக்காது.

மூன்றாம் பாகத்தில் அவள் நெஹ்லூதவை விட்டுவிட்டு, அரசியல் கைதியான சைமன்சனோடு போக முடிவெடுக்கிறாள். அது காதலா, நெஹ்லூதவுக்கு அவள் கொடுக்கும் விடுதலையா என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. படித்துவிட்டு உங்கள் கட்சி எது என்று எழுதுங்கள். பந்தல் அத்தியாயத்தைத் திருத்திய பிறகு அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா