ஊர் ஹெரிட்டேஜ் விழாவுல பாபின் லேஸ் பின்னிக் காட்டக் கூப்பிட்டிருக்காங்க, எப்படி ரெடியாகுறது?

நான் இங்கிலாந்துல பெட்ஃபோர்ட்ஷயர் பக்கம் இருக்கேன், ஆறு வருஷமா சம்மர்ல நடக்குற இந்த மாதிரி விழாக்கள்ல பின்னிக் காட்டுறேன், சொந்த ஊர் நாகர்கோவில். பாபின்னா நூல் சுத்தின சின்னக் கட்டை, தலகாணி மேல குண்டூசி குத்தி அந்தக் கட்டைகளை ஜோடி ஜோடியா மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுறதுதான் பாபின் லேஸ்.

முதல்ல ஒண்ணு, கஷ்டமான டிசைன் எடுத்துட்டுப் போகாதீங்க. ஜனங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க, பதில் சொல்லிக்கிட்டே கை ஓடணும். நான் ஒரு தடவை 30 ஜோடி பாபின் போட்ட பெரிய பார்டரைத் தூக்கிட்டுப் போய், காத்துல தலகாணி கவுந்து நூலெல்லாம் சிக்கி, பிரிக்க நாலு நாள் ஆச்சு. இப்ப எட்டு ஜோடியில ஒரு புக்மார்க், அவ்வளவுதான். வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரியணும்னா தலகாணி மேல கருநீலத் துணி போடுங்க. கைதுடைக்க ஈரத்துணி கண்டிப்பா வேணும், ஐஸ்கிரீம் தின்ன கையோடதான் குழந்தைங்க வரும். பழைய காலத்துல மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் கூட்ட தண்ணி ஊத்தின கண்ணாடிக் குடுவை வைப்பாங்கல்ல, அதைக் காட்ட ஆசையா இருந்தா நிழல்லயே வைங்க, வெயில் பட்டா லென்ஸ் மாதிரி துணியைக் கருக்கிடும்.

ரெண்டாவது தலகாணி ஒண்ணு கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, இதுதான் என் அனுபவத்துல முக்கியம். அதுல நாலே பாபின், தடிமனான நூல், ஒவ்வொண்ணும் ஒரு கலர். நடுவுல இருக்குற ரெண்டுல இடதை வலதுக்கு மேல போட்டா கிராஸ், அப்புறம் ரெண்டு ஜோடியிலயும் வலதை இடதுக்கு மேல போட்டா ட்விஸ்ட். கிராஸ், ட்விஸ்ட், மறுபடி கிராஸ், துணி மாதிரி நெருக்கமான தையல் வந்துடும். போன வருஷம் ஏழு வயசுப் பையன் ஒருத்தன் இதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அரை மணி நேரம் உக்காந்து பின்னினான், அவங்க அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கல. நீங்க எவ்வளவு வேகமா பின்னினாலும் கூட்டம் ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிடும், கையில கொடுத்தா நின்னுடும்.

பாபின் நுனியில பாசிமணி எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க, வெயிட்டுக்கும் உருளாம இருக்குறதுக்கும். ஹானிட்டன்ங்கிற ஊர் பாணி லேஸுக்கான பாபின்ல மணி கிடையாது, பின்னின லூப்புக்குள்ள நுழைச்சு எடுக்கணும்ங்கிறதால வழவழன்னு கூர்மையா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க.

கதை சொல்லும்போது 1840ல விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு டெவன்ல பீர்ங்கிற ஊர்ப் பக்கம் பின்னின லேஸோட நிறுத்திடாதீங்க. சின்னப் பிள்ளைங்களை லேஸ் ஸ்கூல்னு உக்கார வச்சு நாள் முழுக்க வேலை வாங்கினதையும், ஹீத்கோட்ங்கிறவர் 1809ல பேட்டன்ட் வாங்கின லேஸ் மெஷின் வந்ததும் கையால பின்னினவங்களுக்குக் கூலி விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க, ஏன்னா அந்த அழகுக்குப் பின்னாடி இருந்த கண்ணும் முதுகும் அவங்களோடது.

நான் இன்னொண்ணும் சொல்லுவேன். 1819ல நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டோட மனைவி மார்த்தா, அங்க பொண்ணுங்களுக்கு இதே தலகாணி லேஸைக் கத்துக்கொடுத்தாங்க. அவங்க மக எலைசா 1844ல கால்டுவெல்லைக் கட்டிக்கிட்டு இடையன்குடிக்குப் போனப்போ லேஸும் கூடவே போச்சு. எங்க பாட்டி லேஸ்னு சொல்ல மாட்டாங்க, ரேந்தைம்பாங்க, அது போர்ச்சுகீசுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தை. பாட்டி பின்னின ஒரு முழ நீளத்துண்டு என்கிட்ட இருக்கு, ஓரத்துல ஒரு இடத்துல குண்டூசி தப்பி ஒரு ஓட்டை பெருசா விழுந்திருக்கும். அதை டேபிள்ல வச்சதும் இங்க உள்ள வயசான அம்மாங்க முதல்ல அந்த ஓட்டையைத்தான் விரலால தொட்டுப் பாக்குறாங்க, தங்களுக்கும் அதே இடத்துல தப்பும்னு சொல்றாங்க. உங்க வீட்டுலயும் பழைய துண்டு ஏதாவது இருந்தா கண்ணாடி போட்டுப் பூட்டி வைக்காம எடுத்துட்டுப் போங்க.