பெரிய சனி இரவும் ஈஸ்டர் காலை ரொட்டியும்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "ஈஸ்டர் காலை உணவுக்கு முட்டையும் பாலும் சேர்த்த பின்னல் ரொட்டியைப் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே சுட விரும்புகிறோம். சென்ற ஆண்டு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்குப் போய் நள்ளிரவுக்குப் பின் திரும்பினால், மாவு பொங்கி வழிந்து புளித்த வாடை அடித்தது; ரொட்டியும் தட்டையாகி இறுகிவிட்டது. எங்களிடம் இருப்பது 19 லிட்டர் ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்னடுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனியன்று பண்டிகைப் பலகாரத்தில் கை வைப்பது முறையா என்றும் மாமியார் கேட்கிறார்."

மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்; அதற்கு விடை கிடைத்துவிட்டால் நேரக் கணக்கும் தானே அமைந்துவிடும். கத்தோலிக்கத் திருச்சபையில் நோன்பு கட்டாயமான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே. பெரிய வெள்ளியின் நோன்பை இயன்ற இடங்களில் சனிக்கிழமையும் நீட்டிக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் பரிந்துரைத்தது. ஆகவே அன்று மாவு பிசைந்து வைப்பதில் தவறேதும் இல்லை. ருசி பார்ப்பதும் உண்டு களிப்பதும்தான் அந்த நாளின் அமைதிக்கு ஒவ்வாதவை. ஓய்வுநாள் முடிந்ததும் நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு, விடியற்காலையிலேயே கல்லறைக்குப் புறப்பட்ட பெண்களை மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆயத்தம் செய்வதும் காத்திருப்பதும் இந்த விழாவுக்குப் புறம்பானவை அல்ல. மாவைச் சனிக்கிழமை பிசையுங்கள், அடுப்பை ஞாயிறு காலையில் மூட்டுங்கள். உங்கள் மாமியாரின் மனம் நோகாதபடியும் மாவுக்கு நன்மையாகவும் அமையும் வழி இதுவே.

சென்ற ஆண்டு உங்கள் மாவைக் கெடுத்தது வெயில்தான். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறன்றே வரும். நம் குமரி மாவட்டத்தில் அது புழுக்கமான காலம். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகள் வெதுவெதுப்பான பாலையும் நிறைய ஈஸ்டையும் கேட்பவை; அவற்றை அப்படியே பின்பற்றி நம் சமையலறையில் ஐந்தாறு மணி நேரம் விட்டால், ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். மாவைத் தாங்கி நிற்கும் பசைத்தன்மை தளர்ந்து காற்று வெளியேறும். சர்க்கரை குறைந்ததால் மேற்புறமும் சிவக்காது. ஆப்ப மாவு எப்போது பொங்கும், எப்போது புளித்துப்போகும் என்று கைப்பழக்கத்தால் அறிந்த உங்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

எனவே ஈஸ்டைக் குறையுங்கள், பாலைக் குளிர்ச்சியாக ஊற்றுங்கள், இரவுப் பொழுதைக் குளிர்பெட்டியிடம் ஒப்படையுங்கள். மைதா 500 கிராம், சர்க்கரை 70 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், முட்டை இரண்டு, குளிர்ந்த பால் 200 மில்லி, வெண்ணெய் 75 கிராம் போதும். வெண்ணெயைத் தொடக்கத்திலேயே சேர்க்காமல், மாவு ஓரளவு திரண்ட பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்துப் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும். அப்போது மைதாவைக் கூடுதலாகத் தூவினால் ரொட்டி இறுகிவிடும் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பிசையுங்கள். ஒரு சிறு உருண்டையை விரல்களால் மெல்ல விரித்துப் பார்க்கும்போது, கிழியாமல் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தால் பதம் வந்துவிட்டது. மணத்துக்கு ஏலக்காய் போதும். நம் மலைத் தோட்டங்களின் கிராம்பையும் சேர்க்க விரும்பினால் பொடித்து ஒரு சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம். கிராம்பும் பட்டையும் மிகுந்தால் ஈஸ்ட் மந்தமாகிவிடும்.

சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்குப் பிசைந்தால், முக்கால் மணி நேரம் வெளியே வைத்து, சற்றே உப்பத் தொடங்கியதும் அமுக்கிவிட்டு, எண்ணெய் தடவிய பெரிய பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பாத்திரம் மாவின் அளவைப் போல இரு மடங்கு கொள்வதாக இருக்கட்டும். அதன்பின் நீங்கள் நிம்மதியாகக் கோயிலுக்குச் செல்லலாம். புதுத்தீயும் பாஸ்கா திரியும் நீண்ட வாசகங்களும் முடிந்து எத்தனை மணிக்குத் திரும்பினாலும் மாவு காத்திருக்கும். உறங்கி எழுந்து காலை 6 மணிக்கு எடுத்தால், வெண்ணெய் குளிர்ந்து கெட்டிப்பட்ட மாவைப் பிள்ளைகளின் கைகளாலேயே எளிதாகப் பின்னலாம். அதிகாலை ஆராதனைக்குச் செல்லும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் ஆராதனை முடிந்து வந்து இதே வேலையைத் தொடங்கினால் போதும்.

உங்கள் அடுப்பு சிறியது என்பதால் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்று கயிறுகளாக உருட்டிப் பின்னுங்கள். மறுபாதி அரை மணி நேரம் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். பின்னிய ரொட்டி ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலெழ வேண்டும். உடனே எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், எழவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. முட்டை மஞ்சள் கருவில் ஒரு கரண்டி பால் கலந்து பூசி, முன்கூட்டியே 180 டிகிரி செல்சியஸ் சூடாக்கிய அடுப்பில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். சிறிய ஓ.டி.ஜி.யில் மேல்கம்பி அருகிலேயே இருப்பதால் பதினைந்தாம் நிமிடத்தில் மேற்புறம் சிவந்துவிடும். அப்போது அலுமினியத் தாளால் மூடுங்கள். வெளியே எடுத்ததும் மார்த்தாண்டம் தேனை மெல்லியதாகத் தடவினால் பளபளப்பும் மணமும் கூடும்.

அவித்த முட்டைகளுக்கு நிறமூட்ட வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த நீரும் ஒரு கரண்டி வினிகரும் போதுமானவை. அந்த முட்டைகளை ரொட்டிக்குள் புதைத்துச் சுடாமல் பக்கத்தில் வையுங்கள். நம் வெப்பத்தில் அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

ரொட்டியை உடனே வெட்டாமல் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். குடும்ப மன்றாட்டுக்கு உகந்த வேளை அதுதான். ஈஸ்டர் நாளின் முதல் உணவை ஆசீர்வதிக்கத் திருச்சபையில் தனிச் சடங்கே உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். அவர் வர இயலாவிட்டால், திபேரியா ஏரிக்கரையில் கரிநெருப்பில் மீனும் அருகில் அப்பமும் வைத்துச் சீடர்களை உண்ண அழைத்த உயிர்த்த ஆண்டவரைக் கூறும் யோவான் 21ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். கடலோரக் குடும்பங்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. வாசகம் முடிந்ததும் முதல் துண்டைப் பிட்டுக் கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடம் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்டை வீட்டில் முட்டை சேர்க்காதவர்கள் இருந்தால், இரண்டாவது ரொட்டிக்கான மாவைத் தனியாகப் பிசைந்துவிடுங்கள். அந்தப் பாதி அளவில் முட்டைக்குப் பதிலாக 50 மில்லி பால் கூடுதலாக ஊற்றி, மேலே பாலையே தடவிச் சுட்டால் மென்மை சற்றுக் குறையுமே தவிர, சூட்டோடு கொண்டுபோய்க் கொடுக்கத் தகுந்ததாகவே இருக்கும்.