ட்ரெக்கிங் ஸ்டிக்: எடையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் கொலராடோவில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. வருடா வருடம் அக்டோபரில் நண்பர்களோடு மலைக்குள் ஐந்தாறு நாள் தங்கி, எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறான். கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி எல்லாம் முதுகில்தான். போன தடவை இறைச்சியைச் சுமந்துகொண்டு இறங்கியதில் முட்டி வீங்கி, இரண்டு வாரம் படுத்துவிட்டான். அடுத்த மாதம் நான் அங்கே போகிறேன். சென்னையிலேயே நல்ல ட்ரெக்கிங் ஸ்டிக் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். கார்பன் ஃபைபர்தான் உயர்ந்தது என்கிறார் கடைக்காரர். சரிதானா?
வாசகர், மேடவாக்கம்

பதில்: உங்கள் மகனுக்கு கார்பன் வேண்டாம். அலுமினியமே வாங்குங்கள்.

கார்பன் மட்டமான பொருள் இல்லை. சின்னப் பையோடு ஒரு நாள் நடப்பவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். கைக்கு அவ்வளவு லேசாக இருக்கும். ஆனால் கார்பன் குழாய்க்கு மேலிருந்து கீழாக வரும் அழுத்தத்தைத் தாங்கும் பலம்தான் அதிகம். முனை இரண்டு பாறைக்கு நடுவே சிக்கி, பக்கவாட்டில் உடம்பு சாய்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும். அலுமினியம் வளையும். வளைந்ததை மெதுவாக நிமிர்த்தி, அதை வைத்தே வீடு வந்து சேரலாம். எடையில் எவ்வளவு வித்தியாசம்? ஒரு ஜோடிக்கு பெரும்பாலும் 100, 150 கிராம். முப்பது கிலோவுக்கு மேல் முதுகில் வைத்திருப்பவருக்கு அது ஒரு கணக்கே இல்லை.

அவர் சுமப்பது என்ன என்று பார்த்தால் உங்களுக்கே புரியும். நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிய பிறகும் இறைச்சி சுமார் நூறு கிலோ இருக்கும். உண்ணக்கூடிய இறைச்சியைக் காட்டிலேயே வீணாக விட்டுவிட்டு வருவது அங்கே சட்டப்படி குற்றம். அதனால் ஆளுக்கு முப்பது, நாற்பது கிலோ என்று பிரித்து, நாலைந்து நடையாகக் கீழே இறக்குகிறார்கள். பாதையே இல்லாத சரிவு, விழுந்து கிடக்கும் மரங்கள், சில சமயம் முதல் பனி. முட்டி வீங்கியதில் ஆச்சரியம் இல்லை. இறக்கத்தில் இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடந்தால் முட்டியில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அடி வைக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தக் குறைவு கிடைக்கிறது.

எதில் செய்தது என்பதைவிட முக்கியம், அதன் பூட்டு. என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலைக்கு, முறுக்கிப் பூட்டும் வகைக் கம்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது ஓரிடத்தில் முழு எடையையும் இடது கம்பில் கொடுத்தேன். அது ஒரு சாண் உள்ளே இறங்கிவிட்டது. நான் பாறையில் முட்டி பட விழுந்தேன். முந்தின நாள் வீட்டில் எவ்வளவு முறுக்கிப் பார்த்தாலும் கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே கொஞ்சம் மண்ணும் ஈரமும் போனதும் பிடி விட்டுவிட்டது. அதிலிருந்து யார் கேட்டாலும் லீவர் லாக், அதாவது வெளியே தெரியும் நெம்பு வைத்து மடக்கிப் பூட்டுவது, அதை மட்டும்தான் சொல்கிறேன். அது தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்; பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி அங்கேயே இறுக்கிக்கொள்ளலாம். கையுறை போட்ட விரலாலும் திறக்க முடியும். குளிர் நாட்டில் அது பெரிய உதவி.

கடையில் இப்படிச் செய்யுங்கள். முனைக்கு ரப்பர் புஷ் மாட்டிக்கொண்டு (இல்லையென்றால் தரையில் கீறல் விழும், கடைக்காரர் முகம் மாறும்), உங்கள் மகனுக்கு வேண்டிய நீளத்துக்கு (கணக்கு கீழே கேதார்நாத் பதிலில் இருக்கிறது) இழுத்துப் பூட்டுங்கள். குழாயில் அச்சடித்திருக்கும் சென்டிமீட்டர் கோட்டை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையையும் கைப்பிடியின் தலையில் வைத்து உடம்பை அப்படியே சாயுங்கள். பத்து எண்ணுங்கள். மறுபடி அந்தக் கோட்டைப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும், ஸ்க்ரூவை இறுக்கி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் இறங்கினால் கீழே வைத்துவிடுங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

வேட்டைக்குப் போகிறவர் என்பதால் இன்னும் சில விஷயம். டங்ஸ்டன் கார்பைடு முனை பாறையில் படும்போது ‘டிக் டிக்’ என்று தூரத்துக்குக் கேட்கும். மானுக்குக் காது கூர்மை. நெருங்கும் நேரத்தில் ரப்பர் புஷ் போட்டுக்கொண்டால் சத்தம் அடங்கும். அது காட்டில் எளிதாகக் கழன்று தொலைகிற பொருள், கூடுதலாக இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். சரிவில் குறுக்காக நடக்கும்போது மேட்டுப் பக்கக் கம்பு குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறந்து சுருக்கிக்கொண்டிருக்க முடியாது. கைப்பிடிக்குக் கீழேயும் ஒரு சாண் அளவுக்கு ஃபோம் சுற்றியிருக்கும் மாடலாக எடுத்தால், கையைக் கீழே இறக்கிப் பிடித்தே சமாளிக்கலாம். பனிக்கு அகலமான பாஸ்கெட், அதாவது கம்பு பனியில் புதையாமல் முனைக்குச் சற்று மேலே மாட்டும் வட்டத் தட்டு, மாட்ட வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வண்ணம் கறுப்போ பழுப்போ, பளபளப்பு இல்லாததாக இருக்கட்டும்.

அந்த மலைகளில் இந்தக் கம்பு நடப்பதோடு நிற்பதில்லை. உட்கார்ந்து மணிக்கணக்கில் பைனாகுலரில் தேடும்போது கை நடுங்காமல் இருக்க அதன்மேல் தாங்கிக்கொள்கிறார்கள். இரண்டையும் குறுக்காகக் கட்டித் துப்பாக்கிக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கென்றே தனி இணைப்பும் விற்கிறது. எடை குறைவான கூடாரங்கள் பலவற்றுக்கு நடுக்கம்பே இந்த ஸ்டிக்தான். அதனால் உள்ளே கயிறு வைத்து மடக்கும் வகையில் நீளம் மாற்ற முடியாதவை வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று போகும் மூன்று துண்டு வகை எடுங்கள். மகனிடமும் ஒன்று சொல்லுங்கள்: ஆற்றைக் கடக்கும்போதும் பெரிய பாறைக் குவியலிலும் மணிக்கட்டு வாரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கம்பு சிக்கினால் கையும் சேர்ந்து சிக்கும்.

சரி, இங்கே வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று அட்டையைப் படியுங்கள். இங்கே வாங்கியதற்கு அங்கே கிடைக்காது என்றால், அங்கே போனதும் மகனையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் அவர் கையாலேயே அழுத்திப் பார்க்கச் சொல்லி நீங்கள் பணம் கொடுங்கள். உதிரி பாகம் தேவைப்படும்போது அதுதான் சௌகரியம். இங்கிருந்தே எடுத்துப் போவதானால், மூன்று துண்டு வகை மடக்கினாலும் பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது. பெரிய பெட்டியில் சாய்வாக வைத்து செக்-இன் லக்கேஜில் போடுங்கள். கூர்முனை உள்ளதைக் கைப்பையில் கொண்டு போனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

அங்கே மாநில அரசின் உரிமத்தோடு, குறிப்பிட்ட பருவத்தில் நடக்கும் வேட்டை அது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதைப் படித்துவிட்டு இங்கே யாருக்கும் அந்த யோசனை வரக்கூடாது என்பதால் சொல்லிவிட்டேன்.

கேள்வி: வெள்ளியங்கிரிக்கு முதல் தடவை போகிறேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு ட்ரெக்கிங் ஸ்டிக் வாங்கியே ஆகவேண்டுமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். பூண்டி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கம்பு போதும். தலைமுறை தலைமுறையாக ஏழு மலையையும் அதை ஊன்றித்தான் ஏறி இறங்குகிறார்கள். நெஞ்சு உயரம் இருப்பதாகப் பாருங்கள், கணுவுக்குக் கணு விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிடிப்புள்ள ஷூவும் தலையில் மாட்டும் டார்ச்சும் வாங்குங்கள்.

வருடத்துக்கு நாலைந்து மலை போகிறவர் என்றால் பதில் வேறு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளை முன்பதிவு முறையில் திறந்ததிலிருந்து, சென்னையிலிருந்து மாதம் ஒரு மலை என்று கிளம்புகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு மடக்கிப் பையில் செருகும் ஸ்டிக் லாபம்தான். பர்வதமலையில் கடப்பாறை நெட்டு வரும் இடத்தில் இரும்புக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மூங்கிலை அங்கே என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 58 வயது. கேதார்நாத்துக்கு நடந்தே போக ஆசை. முட்டியில் லேசான தேய்மானம் இருக்கிறது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு கம்பா, இரண்டா? என்ன நீளம்?
வாசகி, நங்கநல்லூர்

பதில்: இரண்டு வாங்குங்கள் அம்மா. ஒன்றையே ஊன்றினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாள் முடிவில் இடுப்பு வலிக்கும். கௌரிகுண்டிலிருந்து மேலே குறைந்தது 16 கிலோமீட்டர். அதே தூரம் இறங்கவும் வேண்டும். உங்கள் முட்டிக்கு இறக்கம்தான் சோதனை. பல கடைகளில் எழுதியிருக்கும் விலை ஒரே ஒரு கம்புக்கு. ஜோடி விலை என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீளத்துக்கு எளிய கணக்கு: நேராக நின்று முனையைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றினால், முழங்கை ‘ட’ எழுத்தின் மூலை போல மடங்கியிருக்க வேண்டும். ஐந்தடி உயரம் உள்ளவருக்கு 100 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏறும்போது ஐந்து, பத்து சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதே அளவு கூட்டுங்கள். மணிக்கட்டு வாருக்குள் கையை மேலிருந்து நுழைக்காதீர்கள். கீழிருந்து மேலே நுழைத்து, வாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். எடையை வார் தாங்கிக்கொள்ளும், விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கைப்பிடி தக்கை அல்லது ஃபோமாக இருக்கட்டும். வெறும் ரப்பர் வியர்வையில் வழுக்கி உள்ளங்கையில் கொப்பளம் போட்டுவிடும்.

வாங்கியதும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு காலை பரங்கிமலைப் படிக்கட்டில் பழகுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். ஒரு மாதம் கழித்து திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கிப் பாருங்கள். கால் முன்னே போகும்போது எதிர்க் கை கம்பை ஊன்றும் தாளம் யோசிக்காமல் வந்துவிட்டால் நீங்கள் தயார்.

கேள்வி: ‘நூறு சதவீதம் கார்பன் ஃபைபர்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினேன். மூன்று வாரம் கழித்து நண்பர் பார்த்து, இது அலுமினியம் என்கிறார். ‘ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது’ என்று விற்பனையாளர் கையை விரிக்கிறார்.
வாசகர், அண்ணா நகர்

பதில்: முதலில் நண்பர் சொன்னதை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ்த் துண்டை முழுவதும் உருவி எடுத்து, குழாயின் உள் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பன் என்றால் உள்ளேயும் கறுப்புதான். மேலே கார்பன் நெசவு போல ஸ்டிக்கர் ஒட்டிய அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும். அந்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். எடைபோட்டு அதையும் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்த வரி மாறியிருக்கலாம்.

ஏழு நாள் முடிந்ததால் உங்கள் உரிமை முடியவில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நேரில் கடையில் வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: பில்லில் கால வரம்பு எதுவும் இல்லையென்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் கொண்டு போனால் எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். பில் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள்; பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் ஒப்புகை வரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு வரவேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் அங்கேயே பணம் வந்துவிடும் என்பது என் அனுபவம். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உங்கள் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இதை நம்பி யாரோ ஒருவர் மலைச் சரிவில் தன் எடையைச் சாய்க்கப் போகிறார்.

கேள்வி: என் ஸ்டிக் இரண்டு வருடமாகப் பரணில் இருந்தது. இப்போது துண்டுகள் ஒட்டிக்கொண்டு இழுக்கவே வரவில்லை.
வாசகர், திருவான்மியூர்

பதில்: கடற்காற்று. ஈரத்தோடு மடக்கி வைத்தால் அலுமினியம் உள்ளே வெள்ளையாகப் பூத்து இறுகிக்கொள்ளும். லீவரை முழுவதும் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகி இழுங்கள். வந்துவிட்டால் வெள்ளைப் பூச்சைத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். எண்ணெய் மட்டும் போடவே கூடாது, பூட்டு பிடிக்காது. இனிமேல் மூன்று துண்டையும் தனித்தனியாகக் கழற்றியே பரணில் வையுங்கள்.