மனந்திரும்பிய பின்னும் பாவ இச்சை எழுகிறதே, பிறகு என்ன விடுதலை?

மனந்திரும்பியவருக்கும் பாவ இச்சை எழும்போது, விடுதலை என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில், ரோம நகரத்துச் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், அப்போஸ்தலனாகிய பவுல் பாவத்தை வெறும் தவறான செயலாக அல்லாமல், மனிதரை ஆளும் எஜமானாகவே காட்டுகிறார். ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்னும் 23-ஆம் வசனத்தில் அவர் கையாளும் கிரேக்கச் சொல், படைவீரருக்கு அளிக்கப்பட்ட கூலியைக் குறிப்பது. அடிமைகள் நிறைந்திருந்த ரோம நகரத்துச் சபைக்கு எஜமான், அடிமை என்னும் இந்த உவமையை விளக்க வேண்டிய அவசியமே இருந்திராது. இறந்துபோன அடிமையை எஜமான் வேலை வாங்க முடியாததுபோல, ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு மரித்தவர்மீது பாவத்துக்கு அதிகாரம் இல்லை என்பதே அவருடைய வாதம். அதிகாரம் போயிற்று என்றாரே தவிர, சோதனையும் போயிற்று என்று அவர் சொல்லவில்லை. ஆகவேதான் 12-ஆம் வசனத்தில், ‘சாவுக்கேதுவான உங்கள் சரீரத்தில் பாவம் ஆளாதிருப்பதாக’ என்று எச்சரிக்கிறார். பழைய எஜமான் வாசலில் நின்று கூப்பிடலாம். எழுந்து போகும் கடமைதான் இப்போது இல்லை.