குறளைப் படமாக்கினால் எழுத்து ஏன் உடைகிறது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. தினம் ஒரு குறளைப் படமாக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஆசை. வடிவமைப்புத் தளங்களில் தமிழை ஒட்டினால் சில நேரம் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. வரிகள் கண்டபடி மடங்குகின்றன. ஸ்டேட்டஸில் ஏற்றியதும் படம் மங்கிவிடுகிறது. செலவில்லாமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. பின்னணிப் படத்தைத் தேடுவதற்கு முன்னால் எழுத்துருவை முடிவு செய்துவிடுங்கள். பலரும் பூவையும் சூரிய உதயத்தையும் முதலில் பிடித்துவிட்டு, எழுத்தைக் கடைசியில் திணிக்கிறார்கள்.

'கொ' என்பதை ஒருங்குறியில் (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில்) ககரத்துக்குப் பிறகு ஓர் உயிர்க்குறி என்றுதான் சேமிக்கிறார்கள். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது அந்தச் செயலியின் வேலை. அது தெரியாத செயலியில்தான் கொம்பு தனியே நின்று, பக்கத்தில் புள்ளி வட்டம் முளைக்கிறது. புதிய தளம் எதுவானாலும் முதலில் 'கொலு, பௌர்ணமி, ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் அதை நம்பலாம். இன்னொன்று: எழுத்துருவின் பெயரை மாற்றிக்கொண்டே போகிறீர்கள், தமிழின் தோற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அந்த எழுத்துருக்களில் தமிழே இல்லை என்று அர்த்தம். ஏதோ ஒரு மாற்று எழுத்துருதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நாமே எழுத்துருவை ஏற்றும் வசதி அங்கே கட்டணத் திட்டத்தில்தான். கணினி இருந்தால் நான் சொல்வது கூகுளின் இலவசப் படவில்லைச் செயலியான கூகுள் ஸ்லைட்ஸ். பக்க அளவை 1080 × 1920 பிக்சல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துருப் பட்டியலில் தமிழை மட்டும் வடிகட்டினால் கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். குறளுக்கு என் தேர்வு நோட்டோ செரிஃப்.

இனி வரிகள். முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று என்பது உங்களுக்குத் தெரியும், தளத்துக்குத் தெரியாது. செல்பேசியின் அகலத்தில் நான்கு சீரும் பெரிய எழுத்தில் அடங்காது. தானாக மடங்க விட்டால் 'கற்றபின்' மட்டும் தனி வரியில் போய் அநாதையாக நிற்கும். நீங்களே என்டர் தட்டிப் பிரியுங்கள்:

கற்க கசடறக்
கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

மூன்று வரியானாலும் முதலடி முடியும் இடம் கெடவில்லை, பாருங்கள்.

தளங்களின் ஆயத்த வார்ப்புகள் (டெம்ப்ளேட்) பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் வரி இடைவெளி நெருக்கமாகவும் எழுத்து இடைவெளி அகலமாகவும் இருக்கும். நமக்கு இரண்டுமே ஆகாது. மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் புள்ளியை இடிக்கும். வரி இடைவெளியை 1.4 அல்லது 1.5 ஆக்குங்கள், எழுத்து இடைவெளியைப் பூஜ்ஜியத்தில் விடுங்கள்.

மங்குவதற்குக் காரணம், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவது. படத்தை பிஎன்ஜி (PNG) கோப்பாக இறக்கி, ஏற்றும்போது எச்டி (உயர்தர) வசதி வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மேலாக உதவுவது தடித்த எழுத்தும் ஒரே நிறப் பின்னணியும். பச்சை அல்லது நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். சுருக்கும்போது நிற விவரம்தான் முதலில் போகும், விளிம்பெல்லாம் கசியும். ஸ்டேட்டஸில் மேலே உங்கள் பெயரும் கீழே பதில் பெட்டியும் மறைக்கும் என்பதால் குறளை நடுவில் வையுங்கள்.

குறள் எண்ணைச் சிறிதாகவாவது போடுங்கள். குறளுக்கு உரிமைச் சிக்கல் கிடையாது, பாரதியார் பாடல்களுக்கும் இல்லை. 1949லேயே அரசுடைமை ஆகிவிட்டன. உரைகள் அப்படியல்ல. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. தமிழாசிரியையான நீங்கள் உரையை உங்கள் சொந்த நடையிலேயே ஒரு வரியில் எழுதிவிடலாமே? குறளின் மூல வரிகளை மட்டும் ஃபார்வர்டு செய்திகளிலிருந்து எடுக்காமல், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், தினமும் உட்கார வேண்டியதில்லை. முதல் ஸ்லைடை ஆறு முறை நகலெடுத்து, குறளை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்துக்கு ஆயிற்று.